கைச்சாணை இயந்திரத்தைப் பாதுகாப்புடன் கையாளுவோம்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்று கூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள இவ்வூரின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (ஆட்சிக் காலம் 1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அக்காலத்தில் இங்கு நடந்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. மருத்துவர் ஒருவர், மருந்து தேடிக் கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருடன் 'சல்லியக்கிரியை' செய்பவர் ஒருவரும் அங்குப் பணியில் இருந்தார். சல்லியம் என்பது உடலில் தைத்த அம்பு முனை, முள் போன்ற அயற்பொருள். அதை அகற்றும் அறுவை மருத்துவமே சல்லியக்கிரியை.

இன்று நம் உழவர்கள் உடலில் அம்பு தைப்பதில்லை. ஆனால் கண்ணிலும் கையிலும் இரும்புத் துணுக்கும் உடைந்த சாணை வட்டின் சில்லும் தைக்கின்றன. இதற்குக் காரணமாக இருப்பது, கடைகளில் 'ஆங்கிள் கிரைண்டர்' என்றும் பட்டறைகளில் 'கட்டிங் மிஷின்' என்றும் வழங்கப்படும் சிறிய கைச்சாணை இயந்திரமாகும். இது நல்ல கருவி. கையாளும் முறை தெரிந்தவருக்கு நாள் முழுவதும் உழைத்துத் தரும். முறை தெரியாதவருக்கு ஒரு நொடியில் தீராத ஊனத்தைத் தந்துவிடும். எனவே இதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறைகளை உழவர் பெருமக்கள் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

பண்ணையில் இதன் பயன்

கையில் பிடித்து வேலை செய்யும் இவ்வகைச் சாணை 1954-ஆம் ஆண்டு ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. நம் நாட்டில் நெடுங்காலம் பட்டறைகளில் மட்டும் காணப்பட்ட இவ்வியந்திரம், விலை குறைந்ததால் இன்று பம்புசெட் அறைவரை வந்துவிட்டது. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய ஒவ்வொரு பட்டத்திற்கும் முன்பு டிராக்டர் கலப்பையின் கொழுவைத் தீட்டவும், தீவன வெட்டுக் கத்தியைக் கூராக்கவும், துருப்பிடித்த மரையாணியை அறுத்தெடுக்கவும், மாட்டுக் கொட்டகைக்கு இரும்புக் கோணச் சட்டங்களை வெட்டவும், பாசனக் குழாயின் நீளத்தைக் குறைக்கவும், வேலிக் கல்லைச் செதுக்கவும் இது பயன்படுகிறது. ஒரு கொழுவைத் தீட்டக் கொல்லுப் பட்டறைக்குச் சென்று காத்திருந்த நிலை மாறி, வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் பட்டறையில் இருந்த பழக்கமும் எச்சரிக்கையும் இயந்திரத்தோடு சேர்ந்து பண்ணைக்கு வந்து சேரவில்லை. கடையில் வாங்கிய அன்றே, தரையில் குந்தியபடி, குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு, வெறுங்கண்ணுடன் வெட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆபத்து இங்குதான் பிறக்கிறது.

ஆபத்து இயந்திரத்தில் இல்லை, வட்டின் வேகத்தில் உள்ளது

பண்ணைகளில் அதிகமாகப் பயன்படுவது 100 மில்லி மீட்டர், அதாவது நான்கு அங்குல வட்டு பொருத்தும் இயந்திரம். இதன் சுழற்சி வேகம் சாதாரணமாக நிமிடத்திற்கு 11,000 சுற்று. நொடிக்கு ஏறத்தாழ 183 சுற்று. அப்போது வட்டின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகம் இது.

இவ்வேகத்தில் கழன்று பறக்கும் ஒரு சில்லு, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஐந்தரை மீட்டருக்கு மேல் சென்றுவிடும். நாம் கண் இமைப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும். வேலை செய்பவரின் முகத்திற்கும் வட்டிற்கும் உள்ள இடைவெளி ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே 'பொறி வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்' என்பது நடவாத காரியம். இமை மூடும் முன்பே துணுக்கு கண்ணில் தைத்துவிடும்.

வட்டு என்பது இரும்பு அன்று. உராய்வுப் பொடியைப் பிசின் கொண்டு பிணைத்து, நடுவே கண்ணாடி இழை வலையை வைத்து அழுத்திச் செய்யப்பட்டது. நேராக அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் வளைத்தாலோ, முறுக்கினாலோ, ஈரத்தில் ஊறினாலோ உடையும். கீழே சொல்லப்படும் எல்லா விதிகளும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்து வருபவையே: வட்டு மிக வேகமாகச் சுற்றுகிறது, வட்டு உடையக்கூடியது.

வட்டைத் தேர்ந்தெடுத்தல்

வேலைக்கு ஏற்ற வட்டைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாதுகாப்பு.

1. வெட்டும் வட்டு: 1 முதல் 3 மில்லி மீட்டர் கனமுள்ளது. விளிம்பால் மட்டுமே வேலை செய்ய வேண்டும். இதன் பக்கத்தைக் கொண்டு எதையும் தேய்க்கக் கூடாது. பிசிறு நீக்குவதற்காக வெட்டும் வட்டைச் சற்றே சாய்த்துத் தேய்ப்பது பலரிடமும் உள்ள பழக்கம். வட்டு வெடித்துச் சிதறுவதற்கு இதைவிட எளிய வழி வேறு இல்லை.

2. தீட்டும் வட்டு: சுமார் 6 மில்லி மீட்டர் கனமுள்ளது. நடுப்பகுதி குழிந்திருக்கும். இரும்பின் பரப்போடு 15 முதல் 30 பாகை வரை சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். இதைக் கொண்டு வெட்டக் கூடாது.

3. கல், சிமெண்ட் வெட்டும் வைர வட்டு: உலோகத் தகட்டின் விளிம்பில் வைரத் துகள் பதித்தது. இரும்பு வெட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது.

4. துரு நீக்கும் கம்பித் தூரிகை: வேலையின்போது இதன் கம்பிகள் ஊசிபோல் கழன்று பறக்கும். முகத்தை முழுவதும் மறைக்கும் கவசம் இன்றி இதைத் தொடவே கூடாது.

மரம் அறுக்கும் பல் வட்டைக் கைச்சாணையில் மாட்டிக் கிளை வெட்டுவோரும் உண்டு. இது மிகவும் ஆபத்தான செயல். பல் மரத்தில் மாட்டிய உடனே இயந்திரம் கையை மீறித் துள்ளும். துள்ளிய வட்டு கழுத்திலோ தொடையிலோ பாயும். கல் வட்டு தோலைச் சிராய்க்கும் இடத்தில் பல் வட்டு தசையைக் கிழித்து உள்ளே இறங்கும். மரத்திற்கு மரம் அறுக்கும் கருவியையே பயன்படுத்துக.

வட்டின் அளவும் வேகமும்

ஒவ்வொரு வட்டின் மேலும் அது தாங்கக்கூடிய அதிகபட்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும். இயந்திரத்தின் பெயர்ப் பலகையில் அதன் சுற்று குறிக்கப்பட்டிருக்கும். வட்டின் எண் இயந்திரத்தின் எண்ணைவிடக் கூடுதலாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். நொடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகம் தாங்கும் வட்டுகளுக்கு உரிய அளவு பின்வருமாறு:

100 மில்லி மீட்டர் வட்டு: நிமிடத்திற்கு ஏறத்தாழ 15,300 சுற்று வரை
125 மில்லி மீட்டர் வட்டு: ஏறத்தாழ 12,200 சுற்று வரை
180 மில்லி மீட்டர் வட்டு: ஏறத்தாழ 8,500 சுற்று வரை
230 மில்லி மீட்டர் வட்டு: ஏறத்தாழ 6,600 சுற்று வரை

வட்டு பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் சுற்று குறைவதைக் காண்க. பெரிய குழாயை ஒரே வீச்சில் வெட்டிவிடலாம் என்ற எண்ணத்தில், காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, நான்கு அங்குல இயந்திரத்தில் ஏழு அங்குல வட்டைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். 11,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 103 மீட்டருக்கு மேல் ஓடும். தாங்கும் எல்லையோ 80 மீட்டர். வேகம் கூடும்போது வட்டைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், எல்லையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட விசை அவ்வட்டின்மீது செயல்படும். தடுக்கக் காப்பு மூடியும் இல்லை. இதன் விளைவை விளக்கத் தேவையில்லை.

நடுத்துளையும் பொருந்த வேண்டும். நம் நாட்டில் 100 மில்லி மீட்டர் வட்டின் துளை பெரும்பாலும் 16 மில்லி மீட்டர். 125 மில்லி மீட்டர் வட்டின் துளை 22 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய துளையுள்ள வட்டைத் துணி, கம்பி, வாஷர் வைத்து இறுக்கிப் பொருத்தக் கூடாது. வட்டு மையம் விலகிச் சுற்றி, அதிர்ந்து உடையும்.

பல வட்டுகளின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே அவ்வட்டைப் பயன்படுத்துவதற்கான கடைசிக் காலம். பிசின் வட்டுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு ஆயுள். விதையும் பூச்சிமருந்தும் வாங்கும்போது காலக்கெடு பார்க்கும் உழவர், வட்டு வாங்கும்போதும் பார்க்க வேண்டும். வட்டுகளை ஈரமில்லாத இடத்தில், தட்டையாக அடுக்கி வைக்க வேண்டும். மோட்டார் அறையின் ஈரத் தரையிலும், டிராக்டர் கருவிப் பெட்டியில் ஸ்பேனருடனும் போட்டு வைத்த வட்டை நம்பக் கூடாது. கீழே விழுந்த வட்டு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. மேசைச் சாணைக் கல்லைத் தட்டி, அதன் ஒலியைக் கொண்டு விரிசல் கண்டுபிடிப்பது போல, இம்மெல்லிய வட்டின் குறையைக் கண்டுபிடிக்க இயலாது. ஒரு வட்டின் விலை விரலின் விலை அன்று.

காப்பு மூடியும் பக்கக் கைப்பிடியும்

வட்டின் பாதியை மறைத்திருக்கும் இரும்பு மூடி இடைஞ்சலாக இருக்கிறது என்று பலரும் அதைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். வட்டு உடையும்போது சில்லுகள் வேலை செய்பவரின் பக்கம் வராமல் தடுப்பது அந்த மூடி ஒன்றே. மூடி எப்போதும் வட்டிற்கும் நமக்கும் இடையில் இருக்குமாறு திருப்பி இறுக்கிக்கொள்ள வேண்டும்.

பக்கக் கைப்பிடியும் அவ்வாறே. இயந்திரத்தை எப்போதும் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையில் இயந்திரம், மறு கையில் குழாய் என்று வேலை செய்பவரின் மறு கை, வட்டு துள்ளும் வழியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

உடையும் கவசமும்

வேட்டி, லுங்கி, தோள் துண்டு, சேலைத் தலைப்பு, முடியாத கூந்தல், கழுத்துக் கயிறு, கைக்கயிறு ஆகிய எதுவும் சுழலும் வட்டுக்கு அருகில் வரக் கூடாது. தொங்கும் துணியின் ஒரு நூல் மாட்டினால் போதும், இயந்திரம் உடலை நோக்கி ஏறிவிடும். உடலோடு ஒட்டிய பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி ஆகியவை நல்லவை. நைலான் துணியில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. பார்வைக்காக அணியும் மூக்குக்கண்ணாடியோ, வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியோ இதற்கு ஈடாகாது. அதன் மேல் முகக் கவசமும் அணிவது சிறப்பு. கைச்சாணையின் ஓசை 100 டெசிபல் அளவில் இருக்கும். தொடர்ந்து கேட்டால் செவித்திறன் குறையும். எனவே காதடைப்பான் அணிய வேண்டும். கையுறை கைக்குப் பொருத்தமான தோல் கையுறையாக இருக்க வேண்டும், தொளதொளப்பானது ஆகாது.

கல்தூசி பற்றிய எச்சரிக்கை

உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரிகள் உள்ளன. வேலிக்கும் வீட்டுக்கும் கருங்கல் எளிதில் கிடைக்கிறது. அதைக் கைச்சாணையால் வெட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே நுரையீரலின் அடிவரை சென்று தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்க மட்டுமே இயலும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது.

துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகமூடியை முகத்தோடு பொருந்துமாறு அணிய வேண்டும். காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து வீசுமாறு திறந்த வெளியில் நின்று வெட்ட வேண்டும். தூசியை அடக்குவதற்காக, மின்சாரக் கைச்சாணையின்மேல் மற்றொருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லக் கூடாது. அதற்கென்றே செய்யப்படாத இயந்திரத்தில் தண்ணீர் புகுந்தால் மின்சாரம் தாக்கும்.

மின் இணைப்பு

1. வயரின் முனையைச் சீவி, பிளக் இன்றித் தீக்குச்சி வைத்துச் செருகும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

2. இணைப்பு வழியில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்க வேண்டும். பம்புசெட் அறை, கிணற்றடி, வாய்க்கால் ஓரம் ஆகிய ஈரமான இடங்களில் இது உயிர் காக்கும்.

3. நீட்டிப்பு வயர் 1.5 சதுர மில்லி மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுருளை முழுவதும் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடியே பயன்படுத்தினால் வயர் சூடேறி உருகும்.

4. வயர் எப்போதும் உடலுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

5. வேலையின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டால் உடனே சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் போட்டபடியே கீழே வைத்துவிட்டுப் போனால், மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கித் தரையில் துள்ளும். கிராமப்புறத்தில் இவ்விதி மிகவும் முக்கியமானது.

வட்டைப் பொருத்தும் முறை

பிளக்கைப் பிடுங்கிய பின்னரே வட்டில் கை வைக்க வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. உள் வளையம், வட்டு, வெளித் திருகு ஆகியவற்றைத் துடைத்து, வரிசையாக வைத்து, உடன் தந்த இருமுனைச் சாவியால் இறுக்க வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு தட்டி இறுக்கக் கூடாது. புதிய வட்டைப் பொருத்தியதும், முகத்தையும் உடலையும் வட்டு சுற்றும் தளத்திலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத பக்கம் நோக்கி ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிர்வோ புதிய ஓசையோ இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். குறையுள்ள வட்டு பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

வெட்டும்போது

குழாயையோ சட்டத்தையோ காலால் மிதித்துப் பிடிப்பதும், சிறுவனை விட்டுப் பிடிக்கச் சொல்வதும் கூடாது. வைஸ் அல்லது 'சி' கிளாம்பு கொண்டு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

குழாயின் இரு முனைகளையும் கல்லின்மேல் வைத்து நடுவில் வெட்டினால் என்ன நடக்கும்? பாதி வெட்டியதும் குழாய் தன் எடையால் நடுவில் தொய்யும். வெட்டிய பிளவின் மேல்வாய் மூடிக்கொண்டு வட்டைக் கவ்விப் பிடிக்கும். வட்டு நின்றுவிட, அதன் வேகம் முழுவதும் இயந்திரத்தை எதிர்த்திசையில் தூக்கி எறியும். கைச்சாணையால் நேரும் கொடிய காயங்களில் பல இவ்வாறு நேர்பவையே. இதைத் தவிர்க்க, குழாயைப் பிடிப்புக்கு அருகில் வெட்ட வேண்டும். வெட்டி நீக்கும் துண்டு தாங்கலின்றி வெளியே நீண்டிருக்க வேண்டும். அப்போது துண்டு தொய்யத் தொய்யப் பிளவு விரியுமே அன்றி மூடாது.

இயந்திரத்தை ஓடவிட்டு, முழு வேகம் பெற்ற பின்னரே இரும்பில் வைக்க வேண்டும். இயந்திரத் தலையில் சுழற்சித் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். வட்டின் சுழற்சி இயந்திரத்தைத் தானாக இழுத்துக்கொண்டு ஓடும் திசையில் நகர்த்தக் கூடாது. சுழற்சியை எதிர்த்து நாம் தள்ளிச் செல்லும் திசையிலேயே நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. வெட்டு கோணலாகப் போனால் வட்டைத் திருப்பி நேராக்க முயலாமல், வெளியே எடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். தலை, கழுத்து, தொடை ஆகியவை வட்டு சுற்றும் தளத்திற்கு நேராக இருக்கக் கூடாது. சற்றே ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தோள் உயரத்திற்கு மேல் தூக்கிப் பிடித்தும், ஏணியில் நின்றும் வெட்டக் கூடாது. சுவிட்சை நிறுத்திய பின்பும் வட்டு சில நொடிகள் ஓடும். அது முழுதும் நின்ற பிறகே கீழே வைக்க வேண்டும்.

கருவிகளைத் தீட்டும்போது

கருவியைப் பிடிப்பில் இறுக்கியே தீட்ட வேண்டும். சுழலும் வட்டு, கருவியின் உடற்பகுதியிலிருந்து கூர்முனையை நோக்கிச் சென்று வெளியேற வேண்டும். கூர்முனையில் மோதி உள்ளே ஏறுமாறு பிடித்தால் வட்டு மாட்டிக்கொள்ளும்.

எஃகு சூடேறினால் அதன் பதம் போய்விடும். தீட்டும்போது முனை வைக்கோல் நிறமாக மாறினால் எச்சரிக்கை. நீல நிறமாக மாறினால் வெப்பம் 300 பாகை சென்டிகிரேடு அளவை எட்டிவிட்டது என்று பொருள். அந்த முனை மென்மையாகி, வயலில் ஒரே நாளில் மழுங்கிவிடும். எனவே சில நொடி தீட்டி, சற்று ஆறவிட்டு, மீண்டும் தீட்ட வேண்டும். அழுத்தாமல் தீட்டுவதால் கருவியும் பிழைக்கும், கையும் பிழைக்கும். பல் வைத்த கருக்கரிவாளைக் கைச்சாணையால் தீட்டக் கூடாது, பல் அழிந்துவிடும்.

ரோட்டவேட்டர் கத்தியைக் கழற்றித் தீட்டுவதே நலம். கழற்றுவதற்கு முன் டிராக்டரை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்கிய கருவிக்குக் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கை வைக்கக் கூடாது.

தீ விபத்தைத் தடுத்தல்

பொறி என்பது எரியும் இரும்புத் துகள். பல மீட்டர் தொலைவு பறந்து செல்லும். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, சாக்கு, டீசல் கேன், பூச்சிமருந்து, சமையல் எரிவாயு உருளை, டிராக்டர் பேட்டரி ஆகியவற்றிற்குப் பத்து மீட்டருக்குள் வேலை செய்யக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயைத் தண்ணீரால் அணைக்க முயலாமல் மணல் கொண்டு மூட வேண்டும். வைக்கோலுக்குள் புகுந்த பொறி உடனே எரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஆகவே வேலை முடிந்த பின்பும் அரை மணி நேரமாவது அங்கிருந்து கவனிக்க வேண்டும்.

டீசல், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த பழைய டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியாக்குவதற்காகக் கைச்சாணையால் வெட்டுவது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்மே கொடியது. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து, முதல் பொறியிலேயே வெடிக்கும்.

காயம் ஏற்பட்டால்

கண்ணில் துணுக்கு விழுந்தால் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. நாக்கு, துணி முனை, ஊசி கொண்டு பிறர் எடுக்கவும் விடக் கூடாது. மேலாக உள்ள தூசியைச் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். தைத்திருந்தால் தொடாமல், அழுத்தாதபடி மறைத்து, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டால், கருவிழியில் தங்கிய இரும்பு துருப்பிடித்துப் பார்வையைக் கெடுக்கும்.

வெட்டுக் காயத்தில் காப்பித் தூள், மஞ்சள், மண் போடக் கூடாது. சுத்தமான துணியை வைத்து, இடைவிடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, அடிபட்ட உறுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். வட்டின் சில்லு ஆழமாகத் தைத்திருந்தால் அதைப் பிடுங்காமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்ட வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. 108 எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வரும். டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் மறவாமல் கேட்க வேண்டும்.

நினைவில் கொள்ள

வேலை தொடங்கும் முன் உழவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஏழு:

1. இந்த வேலைக்கு உரிய வட்டுதானா?
2. வட்டின் சுற்று எண் இயந்திரத்திற்குப் போதுமா? காலக்கெடு கடந்துவிட்டதா?
3. காப்பு மூடியும் பக்கக் கைப்பிடியும் இருக்கின்றனவா?
4. கண்ணாடி, கையுறை, காதடைப்பான் அணிந்தாயிற்றா?
5. பொருள் இறுகப் பிடிக்கப்பட்டுள்ளதா? வெட்டிய துண்டு எந்தப் பக்கம் விழும்?
6. பொறி எங்கே போய் விழும்? குழந்தைகள் விலகி இருக்கிறார்களா?
7. வட்டு இப்போது உடைந்தால், அதன் வழியில் நான் நிற்கிறேனா?

இவற்றைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். பாதுகாப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் காதடைப்பானும் சேர்ந்து ஒரு மூட்டை உரத்தின் விலைகூட ஆகாது. நாற்றுப் பறிக்கவும், மண்வெட்டி பிடிக்கவும், பால் கறக்கவும் பத்து விரல்களும் வேண்டும். கதிரின் முற்றலைப் பார்த்தறிய இரண்டு கண்களும் வேண்டும். கைச்சாணையை வாங்கும் அன்றே இவற்றையும் சேர்த்து வாங்கி, இம்முறைகளைத் தாமும் கடைப்பிடித்து, பண்ணையில் வேலை செய்யும் ஆட்களுக்கும் கற்றுக் கொடுத்து உழவர்கள் பயன் பெறுவார்களாக.